கலை என்பது யாது?

கடை வைத்துப் பிழைக்கும் நமக்குக் கலையைப் பற்றிய பாடம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விற்பனையும் கொள்முதலும் வாடகையும் ஆள்சம்பளமும் பார்த்து முடிவதற்குள் பொழுது போய்விடுகிறது. எனினும் "கலை" என்ற இந்த ஒரு சொல்லுக்கு உலகத்தார் காலந்தோறும் வெவ்வேறு பொருள் கொண்டு வந்திருக்கின்றனர். அப்பொருள் மாறும்போதெல்லாம் எது பேணப்பட வேண்டியது, எது குப்பைக்குப் போக வேண்டியது என்ற தீர்ப்பும் உடன் மாறியிருக்கிறது. நம் முன்னோர் விற்ற சரக்கும் அவர்கள் எழுப்பிய கட்டடங்களும் இந்தத் தீர்ப்புக்கு உட்பட்டவை. ஆதலின் இது புலவர்களுக்கு மட்டும் உரிய வழக்கு என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

முதலில் நம் தமிழைப் பார்ப்போம். "ஆய கலைகள் அறுபத்து நான்கு" என்பது யாவரும் அறிந்த வழக்கு. அந்த அறுபத்து நான்கின் பட்டியலை எடுத்துப் படித்தவர் சிலரே. பாட்டும் ஆடலும் அதில் உண்டு. கணிதமும் எழுத்தும் உண்டு. பொன்னின் மாற்று அறிவதும், குதிரையின் குணம் அறிவதும், இரத்தினப் பரீட்சையும் அதே வரிசையில் வருகின்றன. காயல்பட்டினத்து வணிகர் ஒருவர் கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து "இதில் கீறல் இருக்கிறது" என்று சொன்னால், பழைய கணக்குப்படி அவரும் கலைஞர்தாம். கலை என்பது கற்றுத் தேர்ந்த திறமை. அழகுக்கும் அதற்கும் கட்டாயத் தொடர்பு ஏதும் அன்று இல்லை.

பிறநாட்டார் கொள்கையும் ஏறக்குறைய இதுவே. கிரேக்கர் "டெக்னே" என்ற ஒரே சொல்லால் தச்சனின் வேலையையும் சிற்பியின் வேலையையும் குறித்தனர். வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய தம் "முகத்திமா"வில் தொழில்களுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறார். வேளாண்மை, கட்டடம், தச்சு, நெசவு, தையல், மருத்துவச்சியின் பணி, வைத்தியம், எழுத்தழகு, இசை ஆகிய யாவும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.  ஐரோப்பாவில் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. பிளாரன்ஸ் நகரத்து ஓவியர்கள் தமக்கென்று சங்கம் இல்லாமல் வைத்தியர்களும் மருந்துச் சரக்கு விற்போரும் அடங்கிய சங்கத்தில் உறுப்பினராக இருந்தனர். வண்ணப்பொடிகளை விற்றவர்கள் மருந்துக் கடைக்காரர்கள் என்பதே காரணமாம். இன்று உலகம் கொண்டாடும் ஓவியர்கள் அன்று நம்முடைய நாட்டு மருந்துக் கடைக்காரருடன் ஒரே பேரேட்டில் இருந்தார்கள்!

பிரிவினை பிறகுதான் வந்தது. 1563இல் வசாரி என்னும் ஓவியரின் முயற்சியால் பிளாரன்சில் ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் தனிக்கழகம் ஏற்பட்டது. 1746இல் பத்தோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர் இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் என்ற ஐந்தையும் ஒரு கட்டாகக் கட்டி, இவை இன்பத்திற்காக உள்ளவை, "நுண்கலைகள்" என்று பெயர் சூட்டினார். பயனும் இன்பமும் கலந்த கட்டடக்கலையை இன்னொரு வகுப்பில் வைத்தார். நெசவு, சாயம், மண்பாண்டம், மரவேலை எல்லாம் கைத்தொழில் என்ற கீழ்த்தட்டுக்கு இறங்கின. வெள்ளையர் ஆட்சியில் இந்தப் பாகுபாடு கப்பலேறி நம் பக்கமும் வந்தது. 1850இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஓவியப் பள்ளி தொடங்கினார். பின்னாளில் அரசாங்கம் அதனை ஏற்று நடத்தியது. அங்கே பயின்றவர் "ஆர்ட்டிஸ்ட்" ஆனார். பக்கத்து ஊரில் பாட்டன் காலத்திலிருந்து சாயம் தோய்த்தவர் தொழிலாளி ஆனார். இருவரில் யாருடைய பெயர் ஏட்டில் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மில் பலருடைய பாட்டனார்கள் கைலியும் துப்பட்டியும் கட்டிக்கொண்டு வந்து விற்றே இத்தீவில் காலூன்றியவர்கள். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பருத்தித் துணிகள் ஜாவா, சுமத்ரா, மலுக்குத் தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே மிளகுக்கும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் துணியே நாணயமாக இருந்தது. அத்துணிகளில் சிறந்தது "கலம்காரி". கலம் என்பது நாம் அறிந்த அரபுச் சொல்லே. எழுதுகோல் என்று பொருள். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். பால் சேர்ப்பது சாயம் பரவி ஓடாமல் இருப்பதற்கு. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்த கரைசலை மூங்கில் கலத்தால் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காயோடு சேர்ந்து அது கறுப்பாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவிச் சாயவேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கினால் நீலம். மஞ்சள் கடைசியில். இடையிடையே வெளுப்பு, வெயில், மறுபடி வெளுப்பு. எந்தப் பொருள் எதனோடு சேர்ந்தால் என்ன நிறம் தரும் என்ற இரசாயன அறிவைப் பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் விரல்நுனியில் வைத்திருந்தனர்.

சுலாவெசித் தீவின் தோராஜா மக்கள் இந்தியாவிலிருந்து போன துணிகளைக் கட்டிக் கிழிக்கவில்லை. குடும்பச் சொத்தாகப் பெட்டியில் வைத்துச் சடங்குகளின்போது மட்டும் வெளியே எடுத்தனர். சில துணிகள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று இக்கால ஆய்வு காட்டியிருக்கிறது. நெய்து சாயமிட்ட ஊரிலோ அத்தனை பழைய துண்டு ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. விற்றவர்கள் சரக்கென்று விற்றார்கள். வாங்கியவர்கள் கலையென்று காத்தார்கள். இன்று அப்படிப்பட்ட வாணிபத் துணிகளைச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம் சேகரித்து வைத்திருக்கிறது. உடன் ஒரு சீட்டு இருக்கும்: இந்தியா, பருத்தி, இன்ன நூற்றாண்டு. சாயமிட்டவர் பெயர் இருக்காது. யாரும் எழுதி வைக்கவில்லை.

இது நிற்க. பத்தோ இன்னொரு வகுப்பில் வைத்த கட்டடக்கலைக்கு வருவோம். இக்கலைக்கு நாம் புத்தகம் தேட வேண்டாம். நம் கால்நடைத் தூரத்திலேயே இருக்கிறது. தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே பார்த்தால் ஐரோப்பிய முறையில் வளைவுகளும் வரித்தூண்களும். மேலே நிமிர்ந்தால் துளையிட்ட கைப்பிடிச் சுவரும் நாகூரை நினைவூட்டும் சிறு மினாராக்களும். அக்காலத்தில் அத்தெரு கடலோரத்தில் இருந்தது. கப்பலை விட்டு இறங்கியவர் கண்ணில் முதலில் பட்டவற்றுள் இதுவும் ஒன்று. சௌத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ பள்ளிவாசலும் (1826இல் நிறுவப்பட்டது, இன்றுள்ள கட்டடம் 1830களின் முற்பகுதியில் முடிந்தது) இதே கலப்பு. வாயில் நம்மூர், தொழுகை மண்டபம் ஆங்கிலேயர் பாணி. வாயிலின் மேல் குட்டி அரண்மனை ஒன்றைச் சின்னஞ்சிறு கதவுகளோடும் சன்னல்களோடும் பொம்மை போல் அமைத்திருக்கிறார்கள். யாரும் நுழைய முடியாத கதவுகள் எதற்கு? கண்ணுக்குத்தான். பயனைத் தாண்டி ஒருவன் உழைத்திருந்தால் அங்கே கலை தொடங்குகிறது என்பது ஒரு விளக்கமானால், அந்தக் குட்டிக் கதவுகளை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

கீழக்கரையில் சீதக்காதி வள்ளலின் பெயரோடு இணைந்த கற்பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. கோயில் கட்டிய கைகளின் தூண்களே அங்கும் நிற்கின்றன. உருவங்கள் வர வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் இருக்கின்றன. கட்டளை மாறினால் கை தன் திறமையை வேறு வழியில் காட்டும். சுல்தான் பள்ளியில் இன்னொரு வகை. டெனிஸ் சாண்ட்ரி என்ற ஐரோப்பியக் கட்டடக்கலைஞர் வரைந்த திட்டப்படி 1924இல் தொடங்கி 1932இல் முடிந்த அக்கட்டடத்தின் பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடுவதைக் காணலாம். கிட்டப்போய்ப் பார்த்தால் அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். பணம் கொடுக்க இயலாத ஏழைகள் கொடுத்த புட்டிகள் என்பர். செல்வர் பணத்தால் எழும்பிய குவிமாடத்தில் ஏழையின் பங்கும் எல்லாரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணியவர் யாராயினும் அவர் நல்ல கலைஞர்.

நம் தேக்கா வட்டாரத்தில் டன்லப் ஸ்ட்ரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1907இல் கட்டத் தொடங்கி 1927இல் முழுமை பெற்றது. அதன் முகப்பின் மேல் கதிரவன் வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. வாரந்தோறும் அவ்வழியே ஜும்ஆவுக்குப் போய் வருவோரில் எத்தனை பேர் தலையை நிமிர்த்தி அதனைப் பார்த்திருப்பார்கள்? செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்கும் கவனத்தில் பாதி போதும்.

எழுத்தழகு, அதாவது கையெழுத்தை ஒரு கலையாக வளர்த்தது, இஸ்லாமிய உலகம் கலைக்குச் செய்த பெருங்கொடை. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா என்பவர் நாணல் பேனாவை ஒரு முறை அழுத்தினால் விழும் புள்ளியை அளவுகோலாகக் கொண்டு, அலிபுக்கு இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துக்கள் அலிபுக்கு ஏற்ற விகிதம் என்று வகுத்தார். அரசியல் பகையால் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. 940இல் சிறையிலேயே இறந்தார். வகுத்த அளவோ இன்றும் வாழ்கிறது. உருவம் வரைவதில் தயக்கம் கொண்ட சமுதாயம் கோட்டையும் விகிதத்தையும் கொடியையும் கொண்டு எத்துணை தூரம் போக முடியும் என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி. அரபி எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழுக்கெனச் சில புதிய எழுத்துக்களை அமைத்துக்கொண்ட நம் முன்னோரும் அந்த மரபின் வாரிசுகள்தாம்.

கவிதையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் உள்ள வீட்டில் கவிதைக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் ஒரு செய்தி. சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது 1872இல் வந்த "முனாஜாத்துத் திரட்டு". பாடியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர். பின்னர் 1887இல் "சிங்கை நேசன்" இதழைத் தொடங்கி நடத்தியவர் மகுதூம் சாயபு. இத்தீவின் தமிழ் எழுத்துக் கலையின் வாசலில் நிற்பவர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இசைக்கு நாகூர் ஹனிபாவின் குரல் ஒன்றே போதும். 2015இல் அவர் மறைந்தபோது எல்லா மதத்தவரும் வருந்தினர். நடனத்தை இங்கே நிலைநாட்டியதில் 1952இல் கே. பி. பாஸ்கர் தொடங்கிய கழகத்திற்கும், 1977இல் நீலா சத்தியலிங்கமும் அவர் கணவரும் தொடங்கிய அப்சராஸ் கழகத்திற்கும் பெரும்பங்கு உண்டு. சினிமா எல்லாவற்றிலும் இளையது. பிற கலைகளையெல்லாம் விழுங்கி வளர்ந்தது. சிங்கப்பூரில் எடுத்த முதல் மலாய்ப் பேசும் படம் 1934இல் வந்த "லைலா மஜ்னூன்". அதை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். அரபு நாட்டுக் கதை, இந்திய இயக்குநர், மலாய் நடிகர்கள். இந்த ஊர் எப்போதும் இப்படித்தான்.

ஓவியத்திற்கு வருவோம். 1839இல் புகைப்படக் கருவி வெளிவந்தது. இருப்பதை அப்படியே காட்டுவதுதான் ஓவியம் என்றால் இனி ஓவியர் எதற்கு என்ற நெருக்கடி பிறந்தது. 1874இல் பாரிசில் சில ஓவியர்கள், பொருளைத் தீட்டாமல் அதன்மீது விழும் ஒளியைத் தீட்டிக் காட்சிக்கு வைத்தனர், ஊரே சிரித்தது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் இந்தக் கேள்விக்காகவே 1890களில் ஒரு நூல் எழுதி, ஒருவன் உணர்ந்ததை மற்றவனுக்குத் தொற்ற வைப்பதே கலை என்றார். 1917இல் மார்செல் துய்சாம்ப் என்பவர் கடையில் வாங்கிய சிறுநீர்ப் பீங்கான் ஒன்றில் புனைபெயரைக் கையொப்பமிட்டு நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அவர்கள் வைக்க மறுத்துவிட்டனர். இன்று கலை வரலாற்று நூல்களில் அதற்கு இடம் இருக்கிறது. எது கலை என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை, அதை ஏற்கும் கழகங்களும் காட்சிக்கூடங்களும்தான் தீர்மானிக்கின்றன என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. எனக்கு இக்கொள்கை முழுவதும் உடன்பாடன்று. ஆனால் கலம்காரித் துணிக்கு நேர்ந்ததை நினைக்கும்போது முழுவதும் மறுக்கவும் முடியவில்லை.

சிங்கப்பூரில் ஓவியக் கல்விக்கு வித்திட்டவர் லிம் ஹாக் டாய். 1938இல் அவர் தலைமையில் நன்யாங் நுண்கலைக் கழகம் தோன்றியது. 1952இல் அதன் வட்டத்தைச் சேர்ந்த நான்கு சீன ஓவியர்கள் பாலித் தீவுக்குப் போய் வந்து, சீனத் தூரிகையையும் பாரிசுப் பாணியையும் சேர்த்துத் தென்கிழக்காசிய வாழ்வை வரைந்தனர். நம் வாசகர் அவசியம் பார்க்க வேண்டிய படம் வேறொன்று. சுவா மியா தீ 1959இல் தீட்டிய "தேசிய மொழி வகுப்பு". மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து மலாய் கற்கின்றனர். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? புதிய நாடு ஒன்று தன் மக்களைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் அவை. சந்தை மலாயில் கடை நடத்திக்கொண்டே முறையான மலாயும் படிக்கப்போன நம் முந்தைய தலைமுறையார் அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வர். அது தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பழைய உச்சநீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்த கூடம் அது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம்.

தமிழர்களும் இத்துறையில் உளர். மனித உருவை வரைவதில் பெயர்பெற்ற எஸ். நமசிவாயம் பல தலைமுறை மாணவர்க்கு ஆசிரியர். எஸ். சந்திரசேகரன் 1988இல் கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய இருவருடன் சேர்ந்து "திரிமூர்த்தி" என்ற கண்காட்சியை நடத்தினார். தமிழர், சீனர், மலாய்க்காரர் என மூவர். தம் உடலையே கருவியாகக் கொண்டு செய்து காட்டும் நிகழ்த்துகலையை அவர் கைக்கொண்டார். பார்ப்பவருக்கு இது புரியாமல் போவதில் வியப்பில்லை. புரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்படவும் வேண்டாம். நின்று பார்த்தபின் சொன்னால் போதும்.

இன்று தேக்காவின் சுவர்களிலும் ஓவியங்கள் வந்துவிட்டன. பெலிலியோஸ் சந்துச் சுவரில் பழைய லிட்டில் இந்தியாவின் தொழில்களைப் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். சுவரில் உள்ள தொழில்கள் பல தெருவில் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

இனி நமக்கு நேரே உரிய இரண்டு செய்திகள். ஒன்று, நம் வீட்டிலும் கடையிலும் கிடக்கும் பழம்பொருள். நாகூர் தர்கா, ஜாமிஆ பள்ளி, முதலில் ஓலைக் குடிசையாய் இருந்ததால் குச்சுப்பள்ளி எனப்பட்ட அல்-அப்ரார் ஆகிய மூன்றும் 1974இல் தேசியச் சின்னங்களாயின. சுல்தான் பள்ளி 1975இல், அப்துல் கஃபூர் 1979இல். இவற்றுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. தர்கா கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு 2011இல் இந்திய முஸ்லிம் மரபு நிலையமாகவும் திறக்கப்பட்டது. ஆனால் கைலிக் கட்டில் ஒட்டி வந்த வண்ண மார்க்குச் சீட்டுக்கும், கையால் எழுதிய பெயர்ப்பலகைக்கும், அறபுத்தமிழில் குறித்த கணக்கேட்டுக்கும் எந்தச் சட்டமும் காவலில்லை. கடை கைமாறும்போது அவை முதலில் வெளியே போகின்றன. கேம்பல் சந்தில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில், செட்டிநாட்டு வீடொன்றின் வாசற்கதவு நிற்கிறது. நுண்ணிய செதுக்கல் நிறைந்தது. அதுவும் ஒரு காலத்தில் ஒருவர் வீட்டுக் கதவுதான். பழைய சாமான்காரரைக் கூப்பிடுமுன் அந்த நிலையத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பதால் நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

மற்றது பிள்ளைகளின் படிப்பு. மகளோ மகனோ வரைகலை படிக்கப் போகிறேன் என்றால் "படம் சோறு போடுமா?" என்று கேட்கிறோம். தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் கலைப்பள்ளி ஒன்றை அரசாங்கம் திறந்தது. நன்யாங் கழகமும், தேக்காவுக்கு அண்டையில் மெக்நெலி தெருவில் உள்ள லாசால் கல்லூரியும் இணைந்து 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் ஆயின; பட்டம் இங்கேயே கிடைக்கிறது. துணியின் கரை எப்படி இருந்தால் மலாய்ப் பெண்மணி கையில் எடுப்பார், எந்த நிறம் பெருநாளுக்கு ஓடும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண் நம் குடும்பங்களில் பலருக்கு உண்டு. அந்தக் கண் பிள்ளைக்கும் வந்திருந்தால், கையில் உள்ள படங்களை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். லாசாலில் மாணவர் கண்காட்சி நடக்கும் நாளில் கடையை ஒரு மணி நேரம் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தே போய் வரலாம். டன்லப் ஸ்ட்ரீட்டிலிருந்து அது அதிக தூரமில்லை.